இரண்டு சக்கரம் இருந்தால் இருசக்கர வாகனமா?

போன வாரக் கட்டுரையில், அந்தக் காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். அவர்கள் இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிற்கட்டும். நடுவில் ஒரு போக்குவரத்துக் கான்ஸ்டபிள் வந்து குறுக்கே கை நீட்டிவிட்டார். அவரைக் கவனிக்காமல் எனக்கு மேலே எழுத்து ஓடாது.

இடம், தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. அதில் பஸ்ஸும் லாரியும் போக ஒரு பெரிய வழி உண்டு. அதை ஒட்டி, நடுவில் சுவர் வைத்து, ஒரு சின்ன வழி. சின்ன வழி சைக்கிளுக்காகக் கட்டப்பட்டது. இதை நான் அடித்துச் சொல்லுவேன். ஏன் என்பது பின்னால் வரும்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நானும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். ஜெசிந்தா சேலையூரில் என் பக்கத்து வீட்டுக்காரி, நாற்பதைத் தொட்டவள். அவள் குரோம்பேட்டையில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் காலை ஷிப்ட்டுக்குப் போகிறாள். நான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு. மூட்டு வலிக்கு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நான் மிதிக்கிறேன். சுரங்கப்பாதைக்குள் இறங்கும் சரிவில் பெடலை நிறுத்திவிட்டால் காற்று முகத்தில் அடிக்கும், ஈரச் சிமெண்டு வாசனை வரும். அதற்காகவே போகலாம்.

அந்தச் சரிவின் பாதியில்தான் கை நீண்டது.

"இன்னாமா, ரெண்டு பேரும் போர்டு பாக்கலியா?"

ஜெசிந்தா பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள். நான் அவள் பின்சக்கரத்தில் மோதாமல் நின்றதே பெரிய காரியம்.

"பாத்தோமே சார். என்ன?" என்றாள்.

"இது டூ வீலர் லேன். சைக்கிள்லாம் இதுல வரக் கூடாது. அந்தாண்ட மெயின்ல போ."

அந்தாண்ட என்றால் பெரிய வழி. ஒரு தண்ணீர் லாரி தளும்பத் தளும்ப அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சைக்கிளுக்கு எத்தனை வீல் சார்?" என்று நான் கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். "ரெண்டு."

"அப்ப இது டூ வீலர் இல்லையா?"

"அது சைக்கிள்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

எங்கள் இருபுறமும் மோட்டார் பைக்குகள் உறுமிக்கொண்டு உள்ளே போயின. அவற்றை அவர் கையசைத்து அனுப்பி வைத்தார். நாங்கள் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தோம்.

பிடிக்கவாவது மதித்தார்கள்

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் சைக்கிளைப் போலீஸ்காரர்கள் பிடிப்பார்கள். டைனமோ விளக்கு எரியாவிட்டால் பிடிப்பார்கள். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தபோது பல்லாவரத்தில் ஒருமுறை எங்களையும் பிடித்தார்கள். தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர் அத்தா. எதிரே நின்ற போலீஸ்காரர் அத்தாவின் சட்டையில் இருந்து வந்த வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே, சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டார்.

அன்றைக்கு நான் அழுதேன். இப்போது அந்தப் போலீஸ்காரரை நினைத்தால் மரியாதை வருகிறது. பிடித்து நிறுத்தும் அளவுக்காவது சைக்கிளை அவர் ஒரு வாகனமாக மதித்தார். இன்றைக்கு விளக்கு இல்லாமல், பிரேக் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு நான் சைக்கிளில் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. லாரி மட்டும்தான் கேட்கும்.

சுவரில் மாட்டிய சைக்கிள்

மேடவாக்கத்தில் என் தங்கை மகன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். ஒருமுறை அவன் வீட்டுக்குச் சைக்கிளிலேயே போனேன். கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார்.

"டெலிவரியாம்மா?"

"இல்லப்பா. சொந்தக்காரங்க வீடு."

அவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். சொந்தக்காரர்கள் சைக்கிளில் வருவதை அந்தக் கேட் அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலும். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார். எனக்குப் பின்னால் வந்த தண்ணீர் லாரிக்குக் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கட்டடத்தில், தங்கை மகனின் எதிர் வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது. ஹாலில், சுவரில், குடும்பப் படம் மாட்டுகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதன் சொந்தக்காரத் தம்பி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதை இறக்கி, காரின் முதுகில் கட்டி, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய், உடம்பைப் பிடிக்கிற சட்டை போட்டு மிதித்துவிட்டு, மறுபடியும் காரில் கட்டிக்கொண்டு வருவார். அவருக்குச் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார்.

"ஆபீசுக்கே இதுல போகலாமே தம்பி?" என்று கேட்டேன்.

"ஐயோ ஆன்ட்டி, இந்த டிராஃபிக்லயா? ரொம்ப டேஞ்சர்," என்றார்.

அந்த டிராஃபிக்கில் அவருடைய கார் இருப்பதை அவரிடம் யார் சொல்வது? வேர்க்க மிதித்தால் இந்த ஊரில் அது ஏழ்மை. அதே வேர்வைக்கு ஒரு ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டால் ஆரோக்கியம்.

தலையில் ஈரு

இப்போது அந்தப் போர்டுக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, சாலைகள் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஆங்கிலத்தில் வரும் அறிவிப்புகளைத் தமிழாக்குவது என் வேலை. எங்கள் அதிகாரி அப்போதுதான் குளிர்தேசம் ஒன்றுக்குப் போய், அங்கே மந்திரிகள்கூடச் சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். கோட்டு போட்டுக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் தன் படத்தையும் காட்டினார். படத்தில் இரண்டு காலும் தரையில் இருந்தன.

வந்த சூட்டோடு, சுரங்கப்பாதையில் சைக்கிளுக்குத் தனி வழி என்று திட்டம் போட்டார். இதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அறிவிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டு அவர் மேஜைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சைக்கிள்னே எழுதியிருக்கீங்களே மேடம். இங்கிலீஷ் வேணாமே," என்றார்.

"மிதிவண்டின்னு போடலாம் சார்."

அவர் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுப் பார்த்தார். "மிதின்னா, காலால மிதிக்கிறது. திறப்பு விழாவுல பெரியவங்க வாசிக்கணும். கொஞ்சம் கௌரவமா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஈருருளின்னு ஒண்ணு இருக்கு சார்."

"ஈரா? தலையில பேன் பாக்கற மாதிரி இருக்கு மேடம்." அவர் என் பேனாவையே வாங்கினார். சைக்கிளை அடித்துவிட்டு, மேலே தன் கையால் எழுதினார்: இருசக்கர வாகனம்.

"சார், அப்படிப் போட்டா மோட்டார் பைக்குன்னுதான் எல்லாரும் எடுத்துப்பாங்க," என்றேன்.

"சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம்தானே?"

"ஆமா சார். ஆனா..."

"அப்புறம் என்ன? காமன் சென்ஸ் இருக்கறவங்க புரிஞ்சுப்பாங்க."

காமன் சென்ஸை அவர் அவ்வளவு தாராளமாக அடுத்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். நான் இன்னொரு முறை வாதாடினேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்து என்னை அனுப்பிவிட்டார்.

"இருசக்கர வாகனங்களுக்கு மட்டும்" என்று போர்டு வந்தது. மாலை, ரிப்பன், கைதட்டல். அடுத்த நாளே மோட்டார் பைக்குகள் நுழைந்தன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போர்டு அவர்களைத்தான் அழைத்தது. கொஞ்ச காலம் பைக்கும் சைக்கிளும் முண்டியடித்துக்கொண்டு போயின. பிறகு, சைக்கிள்கள் மெதுவாகப் போய் வழியை அடைக்கின்றன என்று பைக் ஓட்டுகிறவர்கள் புகார் கொடுத்தார்கள். புகாரின் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த நடவடிக்கைதான் எங்கள் முன்னால் கை நீட்டிய கான்ஸ்டபிள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு, பிள்ளையாரைக் கோயிலுக்குள் விடமாட்டேன் என்கிறது.

பின் சீட்டு

ஜெசிந்தாவின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணன் அருள் வீட்டில் இருக்கிறாள். அருள் நல்லவர். அதுதான் தொல்லை. கெட்ட அண்ணனாக இருந்திருந்தால் அவள் எப்போதோ சண்டை போட்டிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் எங்காவது கிளம்பினால், "யார் ட்ராப் பண்றாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜெசிந்தாவை அருள்தான் ட்ராப் பண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, மாலையில் ஆஸ்பத்திரிக்கு, யாருடைய கல்யாணத்துக்காவது. அவருக்கு ஒரகடத்துப் பக்கம் வேலை. படப்பை வழியாகப் போகும் கம்பெனி பஸ் காலை ஆறு மணிக்கே தாம்பரத்துக்கு வந்துவிடும். ஆகையால் பகல் முழுவதும் ஜெசிந்தாவுக்கு உலகம் தெருமுனையோடு முடிந்தது. நர்சிங் உதவியாளர் படிப்பு படித்த பெண், அண்ணன் ஸ்கூட்டரின் பின் சீட்டு காலியாகும் நேரத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அருளின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிள் ஒன்று வீட்டுப் பின்புறம் கிடந்தது. மகள் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போகிறாள். சைக்கிளின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஜெசிந்தா துணியை எடுத்துவிட்டு அதைத் துடைத்தாள். டியூப் மாற்றினாள். மறுநாள் என்னிடம் வந்து, "நூர்ஜஹான்க்கா, குரோம்பேட்டையில காலை ஷிப்ட்டுக்கு ஆள் எடுக்கறாங்களாம், நான் போகப்போறேன்," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அருள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். லாரி போகிற வழியில் போகக் கூடாது. "தனி லேன் இருக்குண்ணா," என்றாள் ஜெசிந்தா. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவளுடைய வேலை நின்றது. அந்த வேலையின் மேல்தான் அவளுடைய மற்ற எல்லாம் நின்றன. அவள் தனியாகப் போய்க் கண்ணாடி வாங்கியது, தனியாகப் போய்ச் சிநேகிதியைப் பார்த்தது, திரும்பி வரும்போது காரணமே இல்லாமல் வேறு தெரு வழியாக வந்தது, எல்லாம்.

அரசாங்கத்தின் ஒரு கை சைக்கிள் கொடுத்தது. இன்னொரு கை சரிவில் குறுக்கே நீண்டது. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பது அந்த உடம்புக்கு இன்னும் தெரியாது.

கான்ஸ்டபிள் திருப்பி அனுப்பிய பிறகு ஜெசிந்தா பெரிய வழியில்தான் போய் வந்தாள். வீட்டில் சொல்லவில்லை. லாரிக்காரர்கள் காதுக்குள் ஹார்ன் அடிக்கிறார்கள் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஒருநாள் அவள் முழங்கையில் சுவர் உரசிய காயம் இருந்தது. முழுக்கைச் சட்டை போட்டு அதை மறைத்துக்கொண்டாள்.

கருத்துக் கேட்டார்கள்

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாலைகளைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. போய்ச் சொல்லுவோம் என்று நான்தான் ஜெசிந்தாவை இழுத்துக்கொண்டு போனேன். மண்டபத்து வாசல் முழுக்கக் கார்கள். எங்கள் இரண்டு சைக்கிளையும் ஜெனரேட்டருக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். மேடையில் ஒரு பெரிய படம், அதில் ஒரு பெண் மரங்களுக்கு நடுவில் சிரித்தபடி சைக்கிளில் போனாள். மரங்களைப் பார்த்தாலே அது நம் ஊர் இல்லை என்று தெரிந்தது.

பேச என் முறை வந்தபோது போர்டு கதையைச் சொன்னேன். என் பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் இளைஞர், மரியாதையானவர்.

"குட் பாயிண்ட் மேடம். ஆனா அந்த லேன்ல சைக்கிள் யூசேஜே கிடையாது. போன வாரம்கூட ஆள் வெச்சுப் பாத்தோம். ஒரு சைக்கிள் வரல."

"வாசல்லயே போலீஸ் நிறுத்தித் திருப்பி அனுப்பறாங்க சார்."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன். வர்றதே இல்ல."

நான் மைக்கை ஜெசிந்தாவிடம் நீட்டினேன். முப்பது வருடம் வார்த்தைகளை விற்றுப் பிழைத்தவள் நான். ஜெசிந்தா எழுந்து, தான் தினமும் பெரிய வழியில் லாரிகளுக்கு நடுவில் போவதைச் சொன்னாள். அவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

"உங்களை ட்ராப் பண்ண வீட்டுல யாரும் இல்லையாம்மா?"

பின்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்தது. அருள். வேலை முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. "நான் அண்ணன் சார்," என்றார்.

"பாத்தீங்களா," என்று அதிகாரி நிம்மதியாகச் சிரித்தார். அண்ணனுக்கு ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் என்று ஜெசிந்தா சொல்லத் தொடங்கும் முன்பே மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

வெளியே வந்ததும் அருள் அவளைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்கு பஸ் போனாலும் பரவால்ல, நான் பின்னாடியே வந்து பாக்கறேன் ஜெசி. உன்ன லாரிக்கு நடுவுல பாத்தேன்னா சைக்கிளை நாளைக்கே வித்துடுவேன். வேலையும் வேணாம்."

ஜெசிந்தா ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்ச் சைக்கிளை எடுத்தாள். ஒரு போர்டில் ஒரு வார்த்தை கௌரவமாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு பெண் மறுபடியும் தெருமுனைக்குள் அடைபடப் போகிறாள்.

"பேஜார் பண்ணாத"

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலேயே நானும் கிளம்பினேன். ஜெசிந்தா முன்னால் மிதித்தாள். சரிவில் அதே கை.

"எத்தினி தபா சொல்றது? அந்தாண்ட போமா."

ஜெசிந்தா இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வழியின் நட்டநடுவுக்குப் போய், குறுக்கே திருப்பி, ஸ்டாண்டு போட்டாள்.

"இதுல போகக் கூடாதுன்னீங்க சார். போகல. நிக்கறேன்."

நானும் என் சைக்கிளை அதன் பக்கத்தில் நிறுத்தினேன். வழி அடைபட்டது. அறுபது தாண்டியவளைக் கையைப் பிடித்து இழுக்க எந்தக் கான்ஸ்டபிளும் யோசிப்பார். எனக்குக் கிடைத்த ஒரே மூத்த குடிமக்கள் சலுகை இது.

பின்னால் பைக்குகள் சேரத் தொடங்கின. ஹார்ன் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பியது. ஒருவர் எங்களைப் பெற்றவர்களைப் பற்றி விசாரித்தார். கான்ஸ்டபிளுக்கு வேர்த்துவிட்டது.

"ஏம்மா, பேஜார் பண்ணாத. வண்டிய எடு."

வண்டி! எங்கள் ஊரில் சைக்கிளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வண்டியில வந்தீங்களா, சைக்கிளா?" என்றுதான் கேட்பார்கள். குறுக்கே நின்று வழியை மறித்த பிறகுதான் அது அரசாங்கத்தின் வாயால் வண்டி ஆயிற்று.

ஜெசிந்தாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். "வண்டின்னு நீங்களே சொல்லிட்டீங்க. ரெண்டு சக்கரமும் இருக்கு. அப்ப இதுல போகலாமா, கூடாதா? சொல்லுங்க சார், எடுக்கறேன்."

அவர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, பைக்குகளை விலக்கிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் முன்னால் வந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தது. வழியை மறித்தது யார் என்று பார்த்ததும் அருள் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீ யாரு சார்?" என்றார் கான்ஸ்டபிள்.

"அண்ணன்."

"அப்ப சொல்லிக் கூட்டினு போ சார். பின்னாடி குந்த வெச்சி ட்ராப் பண்ணு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி இறங்கியது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தளும்பிய தண்ணீர் சுவர் தாண்டி எங்கள் மேல் தெறித்தது. அருள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு நாளா இவள அந்தப் பக்கமாவா அனுப்பினீங்க?"

"போர்டு அப்டி கீது சார். நான் இன்னா பண்ணட்டும்?"

அருள் ஸ்கூட்டரை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஹார்ன் சத்தம் இன்னும் பெரிதானது.

"மொதல்ல அவ போகட்டும் சார். அப்புறம் நான் எடுக்கறேன்."

கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், கையைக் கீழே இறக்கினார். ஜெசிந்தா ஸ்டாண்டைத் தட்டி ஏறினாள். சரிவில் இறங்கி, விளக்குக்குக் கீழே ஒருமுறை தெரிந்து, எதிர் மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறினாள்.

போர்டு இன்றுவரை மாறவில்லை. ஆனால் காலையில் அந்த நேரத்துக்குக் கான்ஸ்டபிள் இப்போது டீ குடிக்கப் போய்விடுகிறார். எங்கள் பக்கத்தில் கொள்கை மாற்றம் என்றால் இதுதான்.

அன்று அந்தச் சுரங்கப்பாதையில் வேலைக்குத் தாமதமாகப் போனவர்கள் நிறையப் பேர். அருளுக்குக் கம்பெனி பஸ் போயே போய்விட்டது. ஜெசிந்தா மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.